கால் மில்லி

பட்டறைக்குக் கொண்டுபோன அன்று என் வண்டியின் மீட்டர் 21,400 காட்டியது. அது முழுக்கணக்கு இல்லை. 99,999க்கு மேல் காட்ட இடமில்லாமல் அது ஒருமுறை ஐந்து பூஜ்யங்களுக்குத் திரும்பிவிட்டது. சத்தி ரோட்டில் குரும்பபாளையம் தாண்டியதும் அது நடந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அந்தப் பூஜ்யங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையை மீட்டர் அன்றோடு என்னிடம் ஒப்படைத்துவிட்டதாகத் தோன்றியது.

2003 மாடல் ஸ்ப்ளெண்டர். டேங்கில் இன்னும் ஹீரோ ஹோண்டா என்றே இருக்கிறது. 2014இல் மூன்றாவது ஆளாக வாங்கினேன். கோவில்பாளையத்திலிருந்து கோவையில் நான் மெய்ப்புப் பார்க்கும் அச்சகத்துக்குப் போக வர நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர். பதினைந்து வருடம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய் நிறுத்திக் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். அதுவும் முடிந்து மறுபடி ஐந்து வருடம் வாங்கியாயிற்று. காகிதத்தில் வண்டி உயிரோடுதான் இருக்கிறது.

போன ஆடிக்காற்றில் புகை கிளம்பியது. காற்று பின்னாலிருந்து அடித்ததால் சிக்னலில் நிற்கும்போது எனக்கே மூக்கில் ஏறியது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் கூடப் போகிறது, கார்புரேட்டரைப் பார்த்தால் சரியாகிவிடும். இது நீலம். ஆயில் எரிகிறது. குச்சியை உருவிப் பார்த்தால் நுனியில்கூட ஈரமில்லை. ஒரு லிட்டர் ஆயில்கூடப் பிடிக்காத இன்ஜின் அது. அதில் பாதிக்குமேல் நான் சத்தி ரோட்டின்மேல் புகையாகத் தூவிக்கொண்டு போயிருக்கிறேன். பின்னால் வந்தவர்கள் மூச்சில் அது போயிருக்கிறது என்ற எண்ணம் இரண்டு நாள் தொந்தரவு செய்தது.

கையில் ஐந்தாயிரம் இருந்தது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய மாதம். புது வண்டி ரோட்டுக்கு வர எண்பதாயிரத்தைத் தாண்டும். தவணையில் எடுக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. மெய்ப்புக்குப் பக்கக் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு மூன்று வருடத் தவணை என்பது மூன்று வருடப் பயம்.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். வண்டியைப் பார்த்ததும் விலை சொல்லமாட்டார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். எண்ணெயில் தோய்ந்த கரி. மாட்டிவிட்டுக் கிக்கரைக் கையாலேயே அழுத்தினார். தடையில்லாமல் இறங்கியது. மறுபடி பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயிலை விட்டு, மாட்டி, மறுபடி அழுத்தினார். கிக்கர் பாதியில் முட்டிக்கொண்டு நின்றது.

“பாத்தீங்களா தம்பி, இறுகுதுங்க. ஆயிலு போயி ரிங்குக்கும் செவுத்துக்கும் நடுவுல அடைச்சுக்குச்சு. வால்வுல ஓடீருந்தா இப்புடி இறுகாதுங்க.”

“ஃபுல் வேலை பாக்கணுங்களாண்ணா?”

“பிரிச்சுப் பாத்தாத்தாந் தெரியுமுங்க. புது பிளாக்கு, புதுக் கிராங்கு, எல்லாம் மாத்துனா பத்தாயிரத்துக்குக் கிட்ட வருமுங்க. மாத்தறது சுலுவு. மாத்தாம எது நிக்கும்னு பாக்கறதுக்குத்தான் நேரமாகும்.”

இந்தக் கடைசி வாக்கியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பணம் இருக்கிறவன் இன்ஜினுக்குள் பார்க்கவேண்டியதில்லை. மொத்தமாக எடுத்துப்போட்டுவிட்டு மொத்தமாக மாட்டலாம். ஐந்தாயிரத்தோடு நிற்கிறவன் ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, இது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பட்டறையில் கழித்தேன். என் வாழ்க்கையில் நன்றாகக் கழித்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றையும் சேர்ப்பேன்.

ஸ்ப்ளெண்டரின் சிலிண்டர் நிமிர்ந்து நிற்காது, முன்னால் படுத்த வாக்கில் இருக்கும். 1958இல் ஜப்பானில் வந்த சூப்பர் கப் என்ற சிறு வண்டியில் ஹோண்டா அப்படிப் படுக்க வைத்தார்கள். 2017க்குள் அந்த வரிசையில் பத்துக் கோடி வண்டிகள் செய்துவிட்டார்கள். 1985இல் ஹரியானாவின் தாருஹேராவிலிருந்து சி.டி.100 ஆக இங்கே வந்ததும், 1994இல் ஸ்ப்ளெண்டர் ஆனதும் அதே வம்சம்தான். இப்படிப் படுத்திருப்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு லாபம்: இன்ஜினைச் சட்டத்திலிருந்து இறக்காமலே ஹெட்டையும் பிளாக்கையும் முன்பக்கமாக உருவிவிடலாம். கிராங்கில் கைவைக்கத் தேவையில்லை என்றால் அரை நாள் கூலி மிச்சம்.

வலதுபக்க மூடியைத் திறந்ததும் கிராங்க் முனையில் சின்னக் கிண்ணம் போல ஒன்று சுற்றும். ஆயில் ஃபில்டர் அதுதான். காகித ஃபில்டர் கிடையாது. இன்ஜின் சுற்றும் வேகத்தில் ஆயிலில் உள்ள கனமான அழுக்கு அந்தக் கிண்ணத்தின் உள்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், தயிர் கடையும்போது வெண்ணெய் ஒதுங்குவதுபோல. அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் அந்தக் கரும்பசையைச் சுரண்டி ஒரு பழைய மெய்ப்புத் தாளின் மேல் தடவினார் (தாள் என்னுடையது). பெட்ரோல் இரண்டு சொட்டு விட்டுக் கரைத்தார். தாளுக்கு அடியில் ஒரு காந்தத்தை வைத்து மெதுவாக நகர்த்தினார்.

கரும்பசைக்குள்ளிருந்து மினுமினுப்பாக ஏதோ எழுந்து நின்றது. காந்தம் போகும் பக்கமெல்லாம் ஒரு கூட்டம் போல நகர்ந்தது. இரும்பு. நகராமல் வெள்ளையாகப் பளபளத்துக் கிடந்தது அலுமினியம், பிஸ்டனிலிருந்து உதிர்ந்தது.

“வெள்ளை கம்மிங்க. இரும்புதான் ஜாஸ்தி. செவுரு தேஞ்சிருக்குதுங்க.”

வண்டி ஓடிய தூரத்தை மீட்டர் மறந்துவிட்டது. இந்தத் தாளில் அது இருந்தது.

பிளாக்கைக் கையில் எடுத்தபோது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. டாப் கியரில் ஒரு கிலோமீட்டர் ஓட இந்த இன்ஜின் சுமாராக ஆறாயிரம் முறை சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்குப் பிஸ்டன் 49.5 மில்லிமீட்டர் போய், அதே தூரம் திரும்பி வருகிறது. ஆக, நான் ஒரு கிலோமீட்டர் போகும்போது பிஸ்டனும் கிட்டத்தட்ட 600 மீட்டர் நடக்கிறது, ஒரு சாண் நீளம்கூட இல்லாத குழாய்க்குள். 1,21,400 கிலோமீட்டருக்கு அது எழுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. பூமியின் சுற்றளவு 40,000. அவ்வளவு நடந்தும் அந்தக் குழாய்ச் சுவர் இழந்தது மிகக் கொஞ்சம். கடைசியாகப் போர் பண்ணியதிலிருந்து, அதாவது சுவரைக் கடைந்து சீராக்கியதிலிருந்து, தேய்ந்த இரும்பை வீட்டில் உட்கார்ந்து கணக்கிட்டேன். இரண்டு கிராம் தேறினால் அதிகம். குழந்தைக்குக் காதுகுத்துக்குப் போடும் மோதிரத்தின் எடை. அந்த இரண்டு கிராம் போனதால்தான் இவ்வளவு புகை.

தேய்மானம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. வெடிப்பு பிஸ்டனைத் தள்ளும்போது கனெக்டிங் ராட் நேராக நிற்பதில்லை, சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வு பிஸ்டனை ஒரு பக்கச் சுவரோடு அழுத்துகிறது. அந்தப் பக்கம் அதிகம் தேயும். வட்டம் மெல்ல நீள்வட்டமாகும். மேல்முனையில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் ஒரு கணம் நின்று திரும்புகிற இடத்தில் இன்னும் மோசம். சூடு அங்கேதான் அதிகம், ஆயில் அங்கேதான் குறைவு. சிலிண்டரின் வாய்க்குச் சற்று உள்ளே விரலை விட்டு நகத்தால் தடவினால் ஒரு படி தட்டும். ரிங் எட்டாத இடம் பழைய அளவிலேயே நிற்கும், எட்டிய இடம் பள்ளமாகியிருக்கும். என் நகத்தில் அது தெளிவாகத் தட்டியது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். 2017வாக்கில், அறுபதாயிரம் கிலோமீட்டரில், முதல் போர் வேலை முறையாக நடந்தது. கால் மில்லி பெரிய பிஸ்டன் போட்டார்கள். கொரோனா முடிந்து அச்சகம் திறந்த புதிதில் மறுபடி இழுவை குறைந்தது. இரண்டு மாதக் கூலி பாக்கி. அப்போது பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் “ரிங் மட்டும் மாத்திக்கலாம்” என்றார்கள். நானூறு ரூபாயில் முடிந்தது. மூவாயிரம் கிலோமீட்டர் நன்றாக ஓடியது, பிறகு முன்னைவிட மோசமானது. புது ரிங் நல்ல வட்டம். சுவரோ நீள்வட்டம். வட்டத்தை நீள்வட்டத்துக்குள் வைத்தால் இரண்டு பக்கம் உரசும், இரண்டு பக்கம் இடைவெளி விடும். கடினமான புது ரிங், உரசிய பக்கத்தை வேகமாகத் தின்றது. அன்றைக்கு அந்த நானூறு ரூபாய்தான் முடியும் என்பது உண்மை. ஆனால் யாராவது எனக்கு இதை விளக்கியிருந்தால் இரண்டு மாதம் பஸ்ஸில் போயிருப்பேன். சிக்கனத்துக்கும் தள்ளிப்போடுவதற்கும் உள்ள வேறுபாட்டை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ரிங்தான்.

இந்த முறை சுவரையே கடைவது என்று முடிவாயிற்று. பிளாக்கையும் 0.50 அளவுப் புதுப் பிஸ்டனையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கணபதிக்குப் போனோம். பிஸ்டனைக் கொண்டுபோகாமல் லேத்துக்குப் போகக் கூடாது. பிஸ்டனை அளந்த பிறகுதான் அதற்கேற்ற ஓட்டையைப் போட முடியும். அளவு எழுதியிருக்கிறதே என்று நம்பினால் பெட்டிக்குப் பெட்டி நூலிழை வித்தியாசம் வரும்.

கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு சந்துகளில் லேத் ஓடாத தெரு குறைவு. பம்ப் செட்டும் மோட்டாரும் செய்து வளர்ந்த ஊர். அந்த லேத்துக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். பேச்சு குறைவு. மைக்ரோமீட்டரால் பிஸ்டன் பாவாடையை அளந்தார். டயல் கேஜைச் சிலிண்டருக்குள் விட்டு மேலே, நடுவில், கீழே, பிறகு குறுக்கே திருப்பி மறுபடி மூன்று இடம். ஆறு எண்களைச் சாக்பீஸால் மேஜைமேல் எழுதினார்.

“பன்னெண்டு பாயிண்ட் தேஞ்சிருக்குதுங்க மேல.”

பாயிண்ட் என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஆசாரிக்கு நூல், பழைய லேத்துக்காரர்களுக்குத் தவ், இவருக்குப் பாயிண்ட். எனக்கும் புள்ளிதான் தொழில். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விடுபட்டதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குக் கூலி. பன்னிரண்டு புள்ளிகள் அந்தச் சுவரிலிருந்து காணாமல் போயிருந்தன.

ஒரு சிறு விளக்கம் இங்கே வேண்டும். இந்த மாதிரி இன்ஜினுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கால் கால் மில்லியாக ஏறி ஒரு மில்லிவரை போகும்: 0.25, 0.50, 0.75, 1.00. கம்பெனி அளவோடு சேர்த்தால் ஒரு பிளாக்குக்கு ஐந்து ஆயுள். நான் இரண்டாவதில் இருந்தேன். 0.50இல் சுவர் சுத்தமாகிவிட்டால் மூன்றாவது. பள்ளம் ஆழமாக இருந்து சுத்தமாகவில்லை என்றால் 0.75க்குத் தாவ வேண்டும், ஓர் ஆயுளை ஓடாமலே தொலைக்க வேண்டும். வாங்கி வந்த பிஸ்டனும் வீண், 950 ரூபாய்.

பிளாக்கைப் பூட்டி மெஷினை ஓட்டினார். முதல் வெட்டு போனதும் டார்ச் அடித்துக் காட்டினார். சுவர் முழுக்கப் புது வெள்ளி. ஒரு பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. அந்த இடத்தை உளி தொடவே இல்லை. அவ்வளவு பள்ளம். இரண்டாவது வெட்டில் கறுப்பு கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கியது. மெக்கானிக் அண்ணன் பீடியை அணைத்துவிட்டு அருகில் வந்து நின்றார். நான் பார்க்காமல் வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன், போகவில்லை. மூன்றாவது வெட்டுக்குப் பிறகு ஒரு நகக்கண் அளவுக் கறுப்பு, மேல்விளிம்புக்குக் கீழே.

“அம்பதுல சுத்தமாகலீன்னா எழுவத்தஞ்சுக்குப் போயிருவமுங்களா?” என்றார் அண்ணன்.

லேத்துக்காரர் பதில் சொல்லவில்லை. ஹோனிங் கல்லை மாட்டினார். மண்ணெண்ணெய் விட்டு மேலும் கீழுமாக ஓட்டினார். துடைத்தார். டார்ச் அடித்தார். அந்த நகக்கண் போயிருந்தது. சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள், பாய் முடைந்ததுபோல. “சரியாப் போச்சுங்க” என்றார். அன்றைக்கு அவர் பேசிய மிக நீளமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

அந்தக் கீறல்கள் வேண்டும். கண்ணாடிபோல வழவழத்த சுவர் தேய்ந்த சுவர், அதில் ஆயில் நிற்காது. கீறலுக்குள்தான் ஆயில் தங்கி ரிங்கைத் தாங்கும். என் பழைய சுவர் கண்ணாடிபோலத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கால் மில்லியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் இந்த இரும்பை விட்டுவைத்தது யார்? இன்ஜின் ஓடுவதற்கு அவ்வளவு தடிமன் தேவையில்லை. எங்கோ ஒரு வரைபலகையின் முன்னால் உட்கார்ந்த ஒருவர், இது ஒருநாள் தேயும், தேய்ந்த அன்றைக்கு இதை வைத்திருப்பவனிடம் புதுசு வாங்கக் காசு இருக்காது என்று நினைத்துப்பார்த்திருக்கிறார். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகக் கோடு போட்டிருக்கிறார். நாலு தலைமுறைப் பிஸ்டனுக்கு அச்சு செய்துவைத்திருக்கிறார்கள். ஊருக்குப் பொதுவாக விட்ட மேய்ச்சல் நிலம்போல அந்த ஒரு மில்லி. என்னிடம் இருக்கிற சொத்துகளில் அதையும் ஒன்றாக எண்ணுகிறேன். இப்போது கணக்குப்படி என் இன்ஜின் 97.2 சி.சி. இல்லை, 99.1 சி.சி. தேய்ந்து தேய்ந்து கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

அந்தக் கோட்டைப் போட்டவர்களின் முதலாளி சோய்சிரோ ஹோண்டா ஒரு கொல்லர் மகன். 1906இல் பிறந்தவர். மோட்டார் சைக்கிளுக்கு வரும் முன்பு, 1937இல் அவர் இறங்கிய தொழில் பிஸ்டன் ரிங் செய்வது. ரிங் சரியாக வரவில்லை, தரம் போதாமல் திரும்பி வந்தது. இரும்பில் சிலிக்கான் எவ்வளவு சேர வேண்டும் என்பது தனக்குத் தெரியவில்லை என்று உணர்ந்து, முப்பது வயதுக்கு மேல், ஹமமட்சுவில் இருந்த தொழிற்பள்ளியில் போய்ச் சின்னப் பையன்களோடு உட்கார்ந்தார். பட்டம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை, ரிங்தான் வேண்டும். தேய்மானத்தோடு முதலில் தோற்றுப்போனவர் செய்த இன்ஜின் இது என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

பட்டறையில் மிச்ச வேலை நடந்தது. எங்கே காசைப் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்பதில் அண்ணனுக்குச் சந்தேகமே கிடையாது. கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். ஆட்டமில்லை. பக்கவாட்டில் சற்று ஆடியது, அது ஆட வேண்டியதுதான். கிராங்க் அப்படியே இருக்கட்டும் என்றார். அந்த ஒரு வார்த்தையில் நாலாயிரம் ரூபாய் மிச்சம். கிளட்ச் பிளேட், கியர் எதையும் தொடவில்லை. டைமிங் செயினைக் கையில் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டினார். மாலைபோலத் தொங்கியது. அது போயே ஆக வேண்டும், 620 ரூபாய். பேக்கிங், வால்வ் சீல், இதில் பழையது கூடவே கூடாது. “நூத்தெம்பது ரூவா பேக்கிங்கப் பாத்து மிச்சம் புடிச்சா, மறுபடி மொத்தமும் பிரிக்கற கூலி யாருங்க தர்றது?”

வால்வுகளை மாற்றவில்லை. ஹெட்டைக் கவிழ்த்துப்பிடித்துப் போர்ட்டுக்குள் பெட்ரோல் ஊற்றினார். எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தில் மெல்ல ஈரம் கசிந்தது. நாற்பது ரூபாய்க்கு ஒரு டப்பி வால்வ் பேஸ்ட் வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். இது எனக்கான வேலை. நுனியில் ரப்பர் ஒட்டிய குச்சியை வால்வின் முகத்தில் அழுத்திப் பிடித்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே மத்துக் கடைவதுபோல உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று மணல் அரைபடும் சத்தம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் மழுங்கி, எண்ணெய் தடவிய கல்லில் கத்தி போவதுபோல ஆகும். அப்போது எடுத்துத் துடைத்துப் பார்த்தால் வால்வின் ஓரத்தில் மங்கலான சாம்பல் நிற வளையம். எங்கும் விட்டுப்போகாமல், ஒரே அகலத்தில். ஒரு மணி நேரத்துக்குமேல் உருட்டினேன். மறுபடி பெட்ரோல் ஊற்றினோம். பத்து நிமிடம் கழித்தும் காய்ந்தே இருந்தது. ஒரு புத்தகத்தின் கடைசி ஃபாரத்தைப் பிழையில்லாமல் கொடுத்துவிட்டு எழுந்த மாதிரி இருந்தது.

பிளாக்கைக் கழுவுவதிலும் ஒரு பாடம். நான் பெட்ரோலை எடுத்தேன். அண்ணன் தடுத்தார். ஹோனிங் கல்லின் தூள் கீறல்களுக்குள் ஒட்டியிருக்கும், பெட்ரோல் அதை நனைக்குமே தவிர வெளியே கொண்டுவராது. சுடுதண்ணீரும் துணி சோப்பும்தான் வேண்டும். பாத்திரம் கழுவுவதுபோலத் தேங்காய் நாரால் தேய்த்தோம். வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்தால் சாம்பல் நிறம். மறுபடி சோப்பு, மறுபடி துணி. ஐந்தாவது தடவை துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. உடனே ஆயில் தடவினார். விட்டால் கண்ணெதிரே துருப் பிடிக்கும், ஈரமான புது இரும்பு. இந்த ஐந்து தடவைக்குச் செலவு ஒன்றுமில்லை. அவசரப்படுகிற பட்டறைகளில் விட்டுப்போவது இதுதான் என்று நினைக்கிறேன். புதிதாகப் போர் பண்ணிய இன்ஜின் சீக்கிரமே கெடும்போது நாம் பிஸ்டனைத் திட்டுகிறோம்.

ஏர் ஃபில்டரைப் பார்த்தபோதுதான் சுவர் ஏன் இவ்வளவு தேய்ந்தது என்பது புரிந்தது. ரோடு அகலப்படுத்தும் வேலை நடந்த காலம் முழுக்க நான் அந்தப் புழுதிக்குள்தான் போய்வந்தேன். புழுதி என்பது நுண்மணல். ஓட்டை விழுந்த ஃபில்டர் வழியாக அது உள்ளே போய், ஆயிலில் கலந்து, வால்வ் பேஸ்ட் செய்த வேலையைச் சிலிண்டருக்குள் செய்திருக்கிறது. நூற்றிருபது ரூபாய் ஃபில்டர். அதை வாங்காமல் விட்டவன் நான்.

கோவையில் நின்றுகொண்டு வண்டியைப் பிரித்து மாட்டுவதைப் பேசும்போது ஜி.டி. நாயுடுவை நினைக்காமல் இருக்க முடியாது. சூலூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்துப் பையன் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்க்கிறான். கோவையில் ஹோட்டலில் சப்ளையர் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்குகிறான். வாங்கியதும் செய்த காரியம் பிரித்துப் போட்டது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டதும், அதற்குப் பிறகு செய்ததெல்லாமும் அந்தப் பிரித்துப்போட்ட வண்டியிலிருந்து வந்தவை. பிரிக்க முடிகிற பொருள் ஒரு பள்ளிக்கூடம். எங்கள் அண்ணன் எட்டாவதோடு நின்றவர். அவர் படித்தது இந்த மாதிரி பிளாக்குகளுக்குள்.

இப்போது வருகிற சில வண்டிகளில் இரும்புச் சுவரே இல்லை. அலுமினியச் சிலிண்டரின் உள்ளே நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்து மெல்லிய பூச்சு. இரும்பைவிடக் கடினம், எடை குறைவு, சூடு சீக்கிரம் வெளியேறும். நல்ல தொழில்நுட்பம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பூச்சு ஒருமுறை கீறிவிட்டால் கணபதியில் உள்ள லேத்தால் ஒன்றும் செய்ய முடியாது. பிளாக்கைத் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்க வேண்டும். அந்த வண்டி இருபது வருடம் கழித்து மூன்றாவது கைக்கு, நான்காவது கைக்கு வரும்போது, அந்தக் கையில் ஐந்தாயிரம்தான் இருக்கும். அவனுக்காக யார் ஒரு மில்லி விட்டுவைத்திருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

பூட்டியது இரண்டாவது ஞாயிறு மாலை. ரிங்குகளின் வாய் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரக் கூடாது, ஆளுக்கொரு திசை பார்க்க வேண்டும். மேக்னட்டில் உள்ள ‘டி’ கோட்டைக் காடிக்கு நேரே நிறுத்தி, மேலே கேம் பல்சக்கரத்தின் வட்டக்குறியை ஹெட்டின் வெட்டுக்கு நேரே வைத்துச் செயினை மாட்டினார். ஒரு பல் தள்ளினாலும் வண்டி சரியாக ஓடாது. கடைசியாக, பிளாக்கின் பக்கவாட்டில் இரும்பு ஊசியால் ஏதோ கீறினார். குனிந்து பார்த்தேன். 0.50, பக்கத்தில் மாதமும் வருடமும். அதற்கு மேலே, அழுக்கைத் துடைத்ததும் தெரிந்தது, 2017இல் வேறொரு கை கீறிய 0.25.

“அடுத்து பிரிக்கறவன் தெரிஞ்சுக்கணுமில்லீங்க” என்றார்.

மூன்றாவது உதையில் பிடித்தது. சைலன்சரில் மிச்சமிருந்த பழைய ஆயில் சற்று நேரம் புகைந்து அடங்கியது. மொத்தம் 4,640 ரூபாய் ஆகியிருந்தது, கூலி 1,800 சேர்த்து. அதற்கு மேல் நூறு கொடுத்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது, ஒரே வேகத்திலும் போகக் கூடாது, ஆளை ஏற்றக் கூடாது, முடிந்ததும் வந்து ஆயிலை மாற்றிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டு வாரம் சத்தி ரோட்டின் இடதோரத்தில் போய்வந்தேன். டவுன் பஸ்கள் எல்லாம் என்னை முந்திக்கொண்டு போயின. சரவணம்பட்டி மேட்டில் மூன்றாவது கியரில் ஏறும்போது டைமிங் செயினின் பழைய கலகலப்பு இல்லாமல், காற்றின் சத்தம் கேட்டது. சிக்னலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்றவரின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

ஐந்நூறு முடிந்த அன்று சாயங்காலம் பட்டறைக்குப் போனேன். சூடாக இருக்கும்போதே அண்ணன் கீழ் போல்ட்டைக் கழற்றினார். ஆயில் தேன் நிறம் மாறிக் கருத்திருந்தது. என் பையிலிருந்து ஒரு மெய்ப்புத் தாளை எடுத்து நீட்டினேன். அவர் அதில் நாலு சொட்டு விட்டு, காந்தத்தை அடியில் வைத்து நகர்த்தினார். பூனைமுடிபோல மெல்லிசாக ஏதோ எழுந்து, காந்தத்தோடு கொஞ்ச தூரம் வந்து, படுத்துக்கொண்டது.

“ரிங்கும் செவுரும் பழகிக்குதுங்க” என்று சொல்லிவிட்டு, போல்ட்டின் வாஷரைத் துடைத்துப் போட்டு முறுக்கி, புது ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினார்.